பாட்டுக் கருவியையே பயிற்றுநராக்குவது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வசிப்பவர்கள், மருத்துவர் சொன்னதற்காகவோ தாமாகவே நினைத்துக்கொண்டோ நடைப்பயிற்சி தொடங்கும்போது, மூன்று தேவைகளை மூன்று இடங்களில் தேடுகிறார்கள். அலுப்புத் தெரியாமல் நடக்கப் பாட்டு வேண்டும். எப்போது வேகம் கூட்டுவது, எப்போது நிதானிப்பது என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். போன வாரத்தைவிட இந்த வாரம் முன்னேறியிருக்கிறோமா என்று காட்ட ஒரு கணக்கு வேண்டும். பாட்டுக்குக் கைப்பேசி, குரலுக்கு ஒரு செயலி, கணக்குக்கு மணிக்கட்டில் ஒரு கடிகாரம் என்று வாங்கிச் சேர்த்து, மூன்றையும் மின்னேற்றி, ஒன்றோடொன்று இணைத்து முடிப்பதற்குள் பலருக்கு நடக்கும் ஆர்வமே போய்விடுகிறது.

இந்த மூன்று வேலைகளையும் விலை குறைந்த ஓர் எம்பி3 கருவியே செய்யும். அதற்குத் தேவையானது சரியாக 30 நிமிடம் ஓடும் ஒரே ஓர் ஒலிக்கோப்பு. அதற்குள் பாட்டு இருக்கும். பாட்டுக்கு நடுவே பயிற்சிக் குரல் இருக்கும். கோப்பின் நீளம் மாறாது என்பதால் அதுவே கடிகாரமாகவும் அளவுகோலாகவும் இருக்கும். அந்தக் கோப்பைத் தயாரிப்பதையும், அதைக்கொண்டு தோட்டச் சாலையில் கணக்கு வைப்பதையும் கீழே விளக்குகிறேன்.

இந்த யோசனை புதியதன்று. 1979-இல் சோனி நிறுவனம் வாக்மேனை விற்கத் தொடங்கியபோதே ஓடுபவர்கள் அதை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். 2006-இல் ஆப்பிளும் நைக்கியும் சேர்ந்து, காலணியின் உள்தட்டுக்கு அடியில் வைக்கும் ஒரு சிறு உணரியையும் ஐபாட் நானோவில் செருகும் ஒரு வாங்கியையும் வெளியிட்டன. பாதம் தரையில் படும் நேரத்தைக் கொண்டு அந்த உணரி வேகத்தை ஊகித்தது. ஐபாடின் நடுப் பொத்தானை அழுத்தினால், பாட்டுக்கு ஊடாக ஒரு குரல் கடந்த தூரத்தையும் வேகத்தையும் சொன்னது. 2009-இல் வந்த ஐபாட் நானோவில் அடியெண்ணியே உள்ளே வந்துவிட்டது. 2017-இல் நானோவும் ஷஃபிளும், 2022-இல் கடைசி ஐபாடும் நிறுத்தப்பட்டன. அவற்றின் வேலையைக் கைப்பேசியும் கடிகாரமும் எடுத்துக்கொண்டன. பழைய நானோ ஒன்று வீட்டு அலமாரியில் கிடந்தால், அதன் மின்கலம் தாங்குகிறதா என்று ஒருமுறை சோதித்துவிட்டு இந்த வேலைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். புதிதாக வாங்குவோர் அதைத் தேடி அலையத் தேவையில்லை.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

கருவியில் பார்க்க வேண்டியவை சிலவே. திரையைப் பார்க்காமல் விரலால் தடவியே நிறுத்தவும் ஓடவிடவும் முடிகிற பொத்தான்கள் வேண்டும்; தொடுதிரை வியர்வை விரலுக்குச் சரியாகப் பணியாது. சட்டையில் மாட்டும் கிளிப் இருந்தால் நல்லது. கொள்ளளவு ஒரு பொருட்டே அன்று: விநாடிக்கு 128 கிலோபிட் தரத்தில் 30 நிமிடக் கோப்பு ஏறத்தாழ 29 மெகாபைட் தான் பிடிக்கும் என்பதால், 4 கிகாபைட் கருவியில் இத்தகைய கோப்புகள் நூற்றுக்கு மேல் அடங்கும். நம் ஊர் வியர்வைக்கும் திடீர் மழைக்கும் தாங்க ஐபிஎக்ஸ்4 என்ற தெறிப்புநீர்க் காப்பாவது இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், வாய் மூடும் சிறு பிளாஸ்டிக் பையில் கருவியைப் போட்டு, இயர்போன் கம்பிக்கு மட்டும் ஒரு மூலையில் துளையிட்டுக்கொள்ளலாம். திரும்பி வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைப்பது அவசியம். வியர்வையின் உப்பு இணைப்பு முனைகளை அரிக்கும்.

கைப்பேசியையே ஏன் எடுத்துச் செல்லக் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. எடுத்துச் செல்லலாம், கோப்பு அதிலும் ஓடும். ஆனால் 12-ஆவது நிமிடத்தில் மச்சான் அழைப்பார், 14-ஆவது நிமிடத்தில் குடும்பப் புலனக் குழுவில் யாராவது காலை வணக்கம் அனுப்புவார்கள், பயிற்சி அத்துடன் முடிந்துவிடும். அவசரத்துக்காகக் கைப்பேசியை ஒலியடக்கிப் பையில் வைத்துக்கொண்டு, பாட்டுக்குத் தனிக் கருவியைப் பயன்படுத்துவதே என் பரிந்துரை.

பயிற்சியின் வரைவு

முதலில் தாளில் 30 நிமிடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜோஷ் கிளார்க் 1996-இல் வகுத்த, உலகெங்கும் புதியவர்கள் பின்பற்றும் 9 வார ஓட்டத் திட்டத்தின் முதல் வாரம் இதற்கு நல்ல மாதிரி: 5 நிமிடம் விறுவிறுப்பான நடை, அதன் பின் 60 விநாடி மெல்லோட்டமும் 90 விநாடி நடையுமாக மாறி மாறி 20 நிமிடம். ஒரு சுற்று இரண்டரை நிமிடம் என்பதால் 20 நிமிடத்தில் 8 சுற்றுகள் வரும். கடைசியில் 5 நிமிடம் தளர்நடை சேர்த்தால் சரியாக 30 நிமிடம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள் போதும். முழங்கால் வலியுள்ளவர்களும் மூத்தவர்களும் மெல்லோட்டம் என்ற இடத்தில் வேகநடை என்று மாற்றி வைத்துக்கொள்ளலாம். கணக்கு அதனால் கெடாது.

இந்த வரைவில் முன்பாதியும் பின்பாதியும் ஒத்திருப்பதைக் கவனியுங்கள். நான்காம் சுற்று முடியும்போது 15 நிமிடம் ஆகியிருக்கும். அந்த இடத்தில் குரல் "திரும்புங்கள்" என்று சொல்ல வேண்டும். கணக்கு வைப்பதற்கான சூட்சுமம் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பாட்டைத் தேர்ந்தெடுத்தல்

கேட்கப் பிடித்த பாட்டும் நடக்க உதவும் பாட்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. நடைக்கு மிதமான வேகம் என்பது நிமிடத்துக்குச் சுமார் 100 அடிகள். சுறுசுறுப்பான வேகநடை 120 முதல் 130 வரை. மெல்லோட்டம் பொதுவாக 150-க்கு மேல். பாட்டு ஓடும்போது காலால் தாளம் தட்டி, 15 விநாடியில் எத்தனை தட்டுகள் என்று எண்ணி நான்கால் பெருக்கினால் அந்தப் பாட்டின் கதி கிடைக்கும். 80 தட்டுள்ள பாட்டு மெதுவானது என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு தட்டுக்கு இரண்டு அடி வைத்தால் அது 160, அதாவது மெல்லோட்டத்துக்குப் பொருத்தமானது. குத்துப் பாட்டுகளும் உறுமி மேளமும் பலவேளை மும்மூன்றாகப் பிரியும் தாளத்தில் அமைந்தவை. அவற்றில் சிறு தட்டுகளை எண்ணாமல், கால் இயல்பாக எங்கே விழுகிறதோ அந்தத் தட்டை மட்டும் எண்ண வேண்டும். எங்கள் பக்கத்துப் பையன்கள் உறுமியைக் கேட்டால் 5 நிமிடத் தளர்நடையிலும் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள் என்பதால், கடைசிப் பகுதிக்கு மெல்லிசையையே வைப்பது என் வழக்கம்.

மாதக் கட்டணச் செயலிகளில் இறக்கி வைத்த பாட்டுகள் பூட்டப்பட்டவை. அவற்றை எடுத்து எம்பி3 கருவியில் போட முடியாது. கடையில் வாங்கிய குறுந்தட்டுகளைக் கணினியில் எம்பி3-ஆக மாற்றலாம், அல்லது கோப்பாகவே விற்கப்படும் பாட்டுகளை வாங்கலாம். வீட்டில் பழைய குறுந்தட்டுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கும் அப்பாக்களுக்கு இப்போது நன்றி சொல்லலாம்.

குரலைப் பதிவு செய்தல்

பயிற்சிக் குரலை நாமே தமிழில் பதிவு செய்துகொள்வது தயக்கமின்றிச் செய்ய வேண்டிய வேலை. ஆங்கிலத்தில் கட்டளையிடும் செயலியின் குரலைவிட, பேத்தி சொல்லும் "தாத்தா, இப்போ ஓடுங்க" என்பதற்கு அதிக மரியாதை கிடைக்கிறது. யார் சொன்னால் நீங்கள் மறுக்க மாட்டீர்களோ அவர் குரலில் பதிவு செய்யுங்கள். துணிகள் தொங்கும் அலமாரிக்கு முன்னால் நின்று பேசினால் எதிரொலி குறையும். தகரக் கூரை வீட்டில் மழை நேரத்தில் பதிவு செய்ய முயல வேண்டாம். நானும் ஒருமுறை முயன்றேன், பயிற்சிக் குரலைவிடக் கூரையின் குரலே பதிவில் ஓங்கி இருந்தது.

சொல்ல வேண்டியவற்றைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் தொடங்க 5 விநாடிக்கு முன் "தயார்", பிறகு "ஓடுங்கள்", முடிவில் "நடங்கள், இன்னும் ஆறு சுற்று" என்பது போதும். எத்தனை சுற்று மீதமிருக்கிறது என்று சொல்வது மிக முக்கியம். முடிவு தெரியாத ஓட்டத்தை யாரும் விரும்புவதில்லை. 15-ஆவது நிமிடத்தில் "திரும்புங்கள்" என்பதும், கடைசிச் சுற்று முடிந்ததும் "நின்று நாடியைத் தொடுங்கள், எண்ணுங்கள்" என்பதும், சரியாக 15 விநாடி கழித்து "நிறுத்துங்கள், நடங்கள்" என்பதும் இருக்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்து அதே எண்ணிக்கையை இன்னொரு முறை வையுங்கள். கடிகாரத்தைப் பார்க்கத் தேவையில்லாமல் நாடித்துடிப்பை இருமுறை அளக்கும் வசதி இவ்வாறு கோப்புக்குள்ளேயே வந்துவிடுகிறது.

கோப்பைக் கோத்தல்

கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பதிவான குரல் எம்4ஏ வகையாக இருந்தால், விண்டோஸ் கணினியில் அதைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரலையும் சேர்க்க வேண்டியிருக்கும். பதிவுச் செயலியிலேயே வேவ் அல்லது எம்பி3 என்று மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

மேல் தடத்தில் பாட்டுகளை வரிசையாக வையுங்கள். கதி சற்றுக் குறைவான பாட்டைச் "சேஞ்ச் டெம்போ" என்ற வசதியால், சுருதி மாறாமல் வேகப்படுத்தலாம். 5 அல்லது 6 விழுக்காடு வரை காதுக்கு வேறுபாடு தெரியாது, அதற்கு மேல் போனால் பாடகர் பதற்றத்தில் இருப்பதுபோல் தோன்றும். அடுத்த தடத்தில், பாட்டுத் தடத்துக்கு நேர் கீழே, குரல் துண்டுகளை அந்தந்த நிமிடத்தில் பொருத்துங்கள். பின்னர் பாட்டுத் தடத்தைத் தேர்ந்து "ஆட்டோ டக்" என்ற விளைவை இயக்கினால், கீழ்த் தடத்தில் குரல் வரும் இடங்களில் மட்டும் பாட்டு தானாகத் தாழ்ந்து பின் உயரும். குரல் தடம் நேர் கீழே இல்லாவிட்டால் இந்த வசதி வேலை செய்யாது. 30 நிமிடத்துக்கு மேல் மிஞ்சும் பாட்டை வெட்டிவிட்டு, எம்பி3-ஆக ஏற்றுமதி செய்யுங்கள். அப்போது மாறாத பிட்வீதம் (விநாடிக்கு இத்தனை பிட் என்ற அளவு) என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாறும் பிட்வீதத்தில் செய்த கோப்பின் கால அளவை மலிவான கருவிகள் சில தவறாகக் காட்டும்.

பாட்டுகளைத் தனித்தனிக் கோப்புகளாக வைத்துப் பட்டியல் போடலாமே என்று தோன்றும். தொடக்கத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். கருவி 1 என்ற கோப்புக்கு அடுத்து 10 என்ற கோப்பை ஓட்டியது. இன்னொரு நாள் கலைத்து ஓட்டும் பொத்தான் அழுந்தி, வீட்டு வாசலிலேயே தளர்நடை தொடங்கிவிட்டது. ஒரே கோப்பாக இருந்தால் இந்தக் குழப்பம் எதற்கும் இடமில்லை.

மரத்தைக் கொண்டு அளத்தல்

இனிக் கணக்கு. செயற்கைக்கோள் மூலம் தூரம் காட்டும் கருவிகள் திறந்தவெளியில் நன்றாக வேலை செய்கின்றன. வளர்ந்த செம்பனையின் (எண்ணெய்ப்பனையின்) மட்டைகள் கூரைபோல் மூடிய பாதையில் அந்தச் சமிக்ஞை பலவீனமடைவதால், நேராக நடந்தவரும் கோணலாக நடந்ததாக வரைபடம் காட்டக்கூடும். மணிக்கட்டுக் கடிகாரமோ கையசைவை வைத்தே அடியை ஊகிக்கிறது; நடுவில் நின்று ஒருவரோடு கையாட்டிப் பேசினால் அதிலும் சில அடிகள் சேரலாம். ஆனால் தோட்டத்தில் நமக்கு வேறோர் அளவுகோல் ஏற்கெனவே நடப்பட்டிருக்கிறது. செம்பனை வழக்கமாக 9 மீட்டர் பக்கமுள்ள சமபக்க முக்கோண முறையில் நடப்படுகிறது. எக்டருக்கு ஏறத்தாழ 143 மரம் வரும். சாலை நிரையோடு சேர்ந்து போனால் மரத்துக்கு மரம் 9 மீட்டர். நிரைகளைக் குறுக்கே வெட்டிப் போனால் நிரைக்கு நிரை ஏறத்தாழ 7.8 மீட்டர். நடவு தோட்டத்துக்குத் தோட்டம் சற்று மாறும் என்பதால், அளவு நாடாவால் 10 இடைவெளிகளை ஒருமுறை அளந்து, பத்தால் வகுத்து, உங்கள் சாலைக்குரிய எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக ஓடிக்கொண்டே நூற்றுக்கணக்கான மரங்களை எண்ணத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்து, கோயில் வாசலோ, வேலைக்குமுன் ஆள் கணக்கெடுக்கும் பழைய பிரட்டுக் களமோ எதுவாயினும், கோப்பைத் தொடங்குங்கள். 15-ஆவது நிமிடத்தில் "திரும்புங்கள்" என்று குரல் வரும்போது எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பக்கத்திலுள்ள அடையாளத்தைக் கொண்டு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பிளாக் (தோட்டப் பிரிவு) எண் எழுதிய பலகையிலிருந்து மூன்றாம் மரம், வாய்க்கால் பாலத்துக்கு அடுத்த ஏழாம் மரம் என்பதுபோல. அடுத்த வாரம் அதே 15 நிமிடத்தில் நான்கு மரம் கூடுதலாகத் தாண்டியிருந்தால், 36 மீட்டர் முன்னேறியிருக்கிறீர்கள் என்று பொருள். நேரம் மாறாமல் இருப்பதால் தூரம் மட்டுமே உங்கள் முன்னேற்றத்தைச் சொல்கிறது.

திரும்பும் பயணம் இன்னொரு செய்தி தருகிறது. கோப்பு முடிவதற்குள் புறப்பட்ட இடத்தைத் தாண்டிவிட்டால், இன்னும் தெம்பு மீதமிருந்தது என்று அறியலாம். கோப்பு முடிந்தும் இடம் வரவில்லை என்றால், முதல் பாதியில் அவசரப்பட்டுவிட்டீர்கள். நாடி எண்ண நின்ற அரை நிமிடத்தையும், தளர்நடை சற்று மெதுவாகவே இருக்கும் என்பதையும் இதில் கழித்துப் பார்க்க வேண்டும். ஐந்தாறு மரக் குறைவைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பால்மர (ரப்பர்) காட்டுச் சாலையில் நடப்பவர்களும் இதே முறையைப் பின்பற்றலாம், இடைவெளியை மட்டும் தனியாக அளந்துகொள்ள வேண்டும்.

உடல் எவ்வளவு உழைக்கிறது என்பதைப் பாட்டே காட்டிவிடும். நடைப்பகுதியில் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. மிதமான உழைப்புக்கு மருத்துவர்கள் சொல்லும் எளிய சோதனை இது. காதில் ஓடும் பல்லவியை மூச்சு வாங்காமல் சேர்ந்து பாடிவிட்டால் வேகம் போதாது. ஒரு வாக்கியம் பேசவே திணறினால் வேகம் மிகுதி. எண்ணிய நாடித்துடிப்பை நான்கால் பெருக்கினால் நிமிடக் கணக்கு வரும். முதல் எண்ணுக்கும் ஒரு நிமிடம் கழித்து எடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி வாரங்கள் போகப் போக விரிவது நல்ல அறிகுறி. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா தடுப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு இயல்பாகவே உயராது என்பதால், அவர்கள் எண்ணை விட்டுப் பேச்சுச் சோதனையையே நம்ப வேண்டும்.

இவற்றை எழுதி வைக்க ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகம் போதும். தோட்டத்துச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப்போல நாளுக்கு ஒரு வரி: தேதி, திரும்பிய மரம், இரண்டு நாடி எண்கள், அன்று எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சொல். இரண்டு வாரம் தொடர்ந்து மரக் கணக்கு ஏறி, பேச்சுச் சோதனையும் எளிதாகிவிட்டால், ஆடாசிட்டியில் சேமித்த அதே திட்டத்தைத் திறந்து ஓட்டத்தை 90 விநாடியாகவும் நடையை 60 விநாடியாகவும் நகர்த்திப் புதுக் கோப்பு செய்யுங்கள். சுற்றின் நீளம் மாறாததால் மற்றக் குரல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். கணக்கு ஏறவில்லை என்றால் பழைய கோப்பையே இன்னொரு வாரம் ஓட்டுங்கள். பாட்டு அலுத்திருந்தால் பாட்டை மட்டும் மாற்றலாம்.

சாலையில் கவனிக்க வேண்டியவை

நம் நாட்டுக் கடிகாரப்படி இங்கே சூரியன் உதிக்கக் காலை 7 மணியாகிவிடுகிறது, சில மாதங்களில் அதையும் தாண்டுகிறது. ஆறரை மணி நடை என்பது இருட்டு நடை. கைவிளக்கும் வெளிர்நிறச் சட்டையும் வேண்டும். குலை ஏற்றும் லோரியும் விளக்கில்லாத மோட்டாரும் வரும் சாலையில் ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டுங்கள். அதற்காகக் கோப்பை மோனோவாக (இரு காதுக்கும் ஒரே ஒலியாக) ஏற்றுமதி செய்தால் எந்தக் காதில் மாட்டினாலும் குரல் முழுமையாகக் கேட்கும். ஒலியளவு கருவியின் உச்சத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்கட்டும். மருந்தடிக்கும் பிளாக்குகளுக்குள் அன்று போக வேண்டாம். தனியார் தோட்டமானால் காவலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நுழையுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே ஓடக் கூடாது.

நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி போடுபவர்களும் சர்க்கரையை வெகுவாகத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவர்களும், புறப்படும் முன் இரத்தச் சர்க்கரையை அளந்து பார்த்து, லிட்டருக்கு 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டே கிளம்ப வேண்டும். பையில் இனிப்பு இருக்க வேண்டும். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் குரல் என்ன சொன்னாலும் நின்றுவிட வேண்டும்.

மாலையில் நடப்பவர்களை இடி மழை அடிக்கடி மடக்கும். அந்த நாள்களுக்கென 15 நிமிடக் கோப்பு ஒன்றைத் தனியாகச் செய்து, பெயரின் முன்னே "மழை" என்று இட்டு, கருவியில் வைத்திருங்கள். அதில் ஓட்டம் இல்லை, "திரும்புங்கள்" மட்டும் ஒவ்வொரு நிமிடமும் வரும். பட்டணத்துக் கடை வரிசையின் அஞ்சடியில் (கடைகளுக்கு முன்னால் கூரையுள்ள நடைபாதையில்) அதை நடந்து முடிக்கலாம், மரத்துக்குப் பதில் கடைத் தூண்களை எண்ணிக்கொண்டு.